முழங்கையில் சூடு பார்த்த தண்ணீர்

என் பிரியத்துக்குரிய ரெஜினா அண்ணிக்கு,

இதை எழுதும்போது இடது காலை மோடாவின் மேல் தூக்கி வைத்திருக்கிறேன். "காலைத் தொங்கப் போடாத தம்பி" என்று நீங்கள் அதட்டுவது இன்னும் காதில் இருக்கிறது. காலமெல்லாம் விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய பி.டி. மாஸ்டர், அண்ணன் பெண்டாட்டி ஒருத்தி சொல்லுக்கு மட்டும் எப்படி இப்படி அடங்கிப்போனான் என்று ஸ்டெல்லா இன்றைக்கும் கேட்கிறாள். ஒரு பெண்டாட்டி கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான்.

ஊரார் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்களைப் பற்றி நம் பங்குக் கோயிலில் பேசிய பேச்சில் பாதி தப்பு. நீங்கள் இருந்தபோது அதைத் திருத்த விடமாட்டீர்கள். இப்போது என்னைத் தடுக்க உங்களால் முடியாது.

முதலில் வீட்டுச் சேதி. மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் இன்னும் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். கச்சேரி ரோட்டுக்குப் போக ஒவ்வொரு ஆட்டோக்காரரும் ஒவ்வொரு சந்தில் நுழைகிறார். என் மகள் ஜெனி பெருங்குடியில் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். ஸ்டெல்லா சர்க்கரை டப்பாவை எங்கே ஒளித்து வைக்கிறாள் என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் மாடியில் இருந்த மல்லிச் செடியை எங்கள் பால்கனிக்குக் கொண்டுவந்துவிட்டோம், இலை நிறைய விடுகிறது, பூவைத்தான் காணோம்.

வருகிற வியாழன் பெரிய வியாழன். நீங்கள் போன பிறகு வருகிற முதல் பெரிய வியாழன். நேற்று கோயிலிலிருந்து ரிச்சர்ட் போன் செய்தான். அவன் என்ன கேட்டான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நம் சனங்கள் அல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பெரிய வியாழன் மாலைப் பூசையில் பங்கிலிருந்து பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் உட்காரவைத்து, ஃபாதர் மண்டியிட்டு அவர்கள் காலைக் கழுவுவார். சிலுவையில் பாடுபடுவதற்கு முந்தின நாள் இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவினார், அதன் நினைவாக. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, குறுக்கே ஒரு சிவப்புத் துண்டு என்று அந்தப் பன்னிரண்டில் ஒருவனாக நான் வருஷாவருஷம் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது நாற்காலி என்னுடையது. எழுதிவைத்த சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த நாட்களில் அதில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள்.

அதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் நடக்கிற கூத்து உங்களுக்குத் தெரியும். ஒரு டப்பில் சுடுதண்ணீர், அதில் ஷாம்பூ, குதிகாலைத் தேய்க்கிற கல், பீர்க்கங்காய் நார், நகவெட்டி, எல்லாம் முடிந்தபின் தேங்காய் எண்ணெய். கழுவிக்கொள்ளப் போகிற காலை முதல்நாளே கழுவி வைத்துவிடுவோம். நான் மட்டும் இல்லை, பன்னிரண்டு பேர் வீட்டிலும் இதே கதைதான். ஃபாதர் குனிந்து முத்தமிடுகிற கால் ஆயிற்றே, அவர் முகம் சுளித்துவிடக் கூடாதே என்ற கவலை. ஒருவர் பியூட்டி பார்லருக்கே போய்விட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். பெயர் சொல்லமாட்டேன், அவர் இன்னும் பங்குப் பேரவையில் இருக்கிறார்.

ஒரு வருஷம் நான் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் மீன் குழம்பு கொடுக்க வந்தீர்கள். வாசலிலேயே நின்று பார்த்தீர்கள்.

"எல்லாத்தையும் நீயே கழுவிக்கினா அவருக்கு அங்க இன்னா வேல, சேவியரு?"

எனக்குச் சுருக்கென்றது. கோயில் பக்கமே வராதவர் பேசுகிற பேச்சைப் பார் என்று ஸ்டெல்லாவிடம் முணுமுணுத்தேன். குழம்பு நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் கோயிலுக்கு வராததைப் பற்றி ஊர் பேசியது கொஞ்சமா? பெரியண்ணன் இறந்து, நீங்கள் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் ஞாயிறு பூசையில் உங்களைக் காணோம். உடனே ரெஜினா சிஸ்டர் அல்லேலூயா சபைக்குப் போய்விட்டார் என்று பேச்சு கிளம்பியது. நம் ஆட்களுக்கு அதைவிட்டால் வேறு எதுவும் தோன்றாது. ஒருவர் பூசைக்கு வரவில்லை என்றால் ஒன்று அவர் பெந்தெகொஸ்தே ஆகியிருக்க வேண்டும், இல்லை படுத்த படுக்கையாக இருக்க வேண்டும். அன்பியம் என்கிற நம் தெரு ஜெபக்குழுப் பெண்கள் உங்களை மீட்டு வர ஜெபமாலையோடு ஒரு நாள் கிளம்பி வந்தார்கள். நீங்கள் அவர்களுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, மூன்று பேருக்கு பிரஷர் பார்த்து அனுப்பிவைத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் எங்கே போனீர்கள் என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்கு. அங்கே பாதிப் பேருக்குச் சர்க்கரை, வெறுங்காலில் மணலிலும் மீன் முள்ளிலும் நடக்கிற சனங்கள், காலில் புண் வந்தால் வலி தெரியாமல் அது அழுகும்வரை விட்டுவிடுகிறவர்கள். ஞாயிறு காலையில்தான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். நீங்கள் ஒரு ஒயர் கூடையில் பஞ்சும் சலைனும் துணியும் எடுத்துக்கொண்டு, ஒரு நீல பிளாஸ்டிக் பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.

எனக்கே இது பிறகுதான் தெரிந்தது. தெரிந்துகொள்ள நான் என் காலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முந்திய பெரிய புதன். ஸ்டெல்லா ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போயிருந்தாள். நானே ஹீட்டரிலிருந்து தண்ணீர் பிடித்து டப்பில் ஊற்றிக் காலை வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்லை வைத்துக் குதிகாலையும் சுண்டுவிரல் ஓரத்தையும் நன்றாகத் தேய்த்தேன். சர்க்கரை என் பாத நரம்புகளை என்றைக்கோ தின்றுவிட்டிருந்தது எனக்குத் தெரியாது. பி.டி. மாஸ்டர் காலில் என்ன வரப்போகிறது என்ற மிதப்பு. மறுநாள் காலையில் பார்த்தால் சுண்டுவிரல் ஓரம் முழுக்கக் கொப்புளம், தோல் உரிந்து நீர் வடிகிறது. அப்போதும் வலி இல்லை.

பிளாஸ்திரி ஒட்டி, சாக்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மூன்றாவது நாற்காலியை விட முடியுமா?

பூசைக்கு முன்னால் பீடத்துக்குப் பின்பக்க அறையில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ரிச்சர்ட்தான் ஏற்பாடு. நல்ல பையன், நான் கால்பந்து சொல்லிக்கொடுத்தவன்தான். சாக்ஸைக் கழற்றச் சொன்னபோது அதில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. லேசாக வாடையும் இருந்தது. அவன் குனிந்து பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டான்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு வேணாம். ஃபாதர் பாத்தா சங்கடப்படுவாரு. நீங்க போய் டாக்டர பாருங்க."

பாடகர் குழுவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு என் துண்டை அவர் மேல் போட்டான். அவன் செய்தது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? காலைக் கழுவுகிற இடத்திலிருந்து, கால் சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். பாடகர் குழு ஒத்திகை பார்த்த கால் கழுவும் பாட்டு லவுட்ஸ்பீக்கரில் தெருமுனை வரைக்கும் கூடவே வந்தது.

அன்றைக்குப் பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை. பெரிய வெள்ளிக்கும் போகவில்லை, பாஸ்கா இரவுப் பூசைக்கும் போகவில்லை. ஸ்டெல்லா கெஞ்சினாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு கிரிக்கெட் பார்த்தேன். டாக்டரையும் பார்க்கவில்லை. யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியாத கோபம்.

ஈஸ்டர் அன்று மத்தியானம் நீங்கள் வந்தீர்கள். ஸ்டெல்லா போனில் அழுதிருக்கிறாள். கையில் பிரியாணி இருக்கும் என்று பார்த்தேன், ஒயர் கூடைதான் இருந்தது.

"காட்டு" என்றீர்கள்.

"ஒண்ணும் இல்ல அண்ணி. சின்னக் கொப்புளம்."

"ஒண்ணும் இல்லாததக் காட்டு. நானும் பாத்து ரொம்ப நாளாச்சு."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் காலை உங்கள் மடியில் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். பிளாஸ்திரியில் கை வைப்பதற்கு முன் ஒரு நொடி நிறுத்தி, பக்கத்தில் யாரோ இருப்பதுபோலத் தலையைக் கொஞ்சம் சாய்த்து, "ஏசப்பா, வா, பாப்போம்" என்றீர்கள். அவ்வளவுதான். நெற்றியில் சிலுவை இல்லை, கண்மூடல் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் கூட வேலை செய்கிற ஒரு ஆளைக் கூப்பிடுகிற குரல் அது.

பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பு போய்விட்டது உங்களுக்கு. சுண்டுவிரல் கறுத்திருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும், அழுகல் மேலே ஏறினால் கணுக்கால் வரை எடுக்க வேண்டியிருக்கும் என்று சர்ஜன் சொன்னார். ஓடி ஓடிப் பிழைத்தவன் நான். கால் இல்லாமல் நான் யார்?

விரலை எடுத்தார்கள். நீங்கள் அதற்கு யூதாஸ் என்று பேர் வைத்தீர்கள். "கூட இருந்தே காட்டிக் குடுத்தான் பாரு, ஒழியட்டும்" என்றீர்கள். மயக்கம் முழுதாகத் தெளியாத நிலையிலும் நான் சிரித்தேன், பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோனார்.

அதன்பிறகு மாதக்கணக்கில், தினமும் காலையில் நீங்கள் வந்தீர்கள். அதே நீல பேசின். தண்ணீரை ஊற்றி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, முழங்கையை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பீர்கள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பது மாதிரி. "உன் கால் உன்கிட்ட பொய் சொல்லும் தம்பி. அத நம்பாத, கைய நம்பு" என்பீர்கள். புண்ணைச் சலைனில் துடைத்து மூடிவிட்டு, மற்ற இடத்தையெல்லாம் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி எடுப்பீர்கள். வாடை வந்த நாட்களிலும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன்.

புண் ஆறுமா ஆறாதா என்று தெரியாத நாட்கள் அவை. ஒரு நாள் எனக்கு அடக்க முடியவில்லை. நீங்கள் கழுவிக்கொண்டிருந்தபோது உங்கள் தலைக்கு மேலே கத்தினேன்.

"எத்தன வருஷம் அந்த நாற்காலில உக்காந்தேன் அண்ணி. எவ்ளோ ஜெபமாலை, எவ்ளோ நவநாள், எல்லாத்துக்கும் முன்னாடி நின்னேன். ஒரு தடவையாவது அவர் இருக்கார்னு எனக்குத் தெரிஞ்சிருக்கா? ஒண்ணுமே தெரியல. எல்லாரும் கண்ண மூடி உருகறாங்களே, நானும் மூடிப்பேன், உள்ள ஒண்ணும் இருக்காது. இப்பவும் இல்ல."

அதை நான் அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. ஃபாதரிடம் சொல்லவில்லை, ஸ்டெல்லாவிடமும் சொல்லவில்லை. நீங்கள் அதிர்ச்சி அடைவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தீர்கள்.

"சரி, கண்ண மூடு" என்றீர்கள். "இப்ப நான் உன் காலத் தொடறேனா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சி சொல்லு."

"தொடல அண்ணி. ஒண்ணும் தெரியல."

"கண்ணத் தொற."

திறந்து பார்த்தேன். என் பாதம் முழுவதும் உங்கள் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் இருந்தது. தண்ணீர் உங்கள் விரல் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி வைத்திருந்தீர்களோ தெரியாது.

"உனக்குத் தெரியலன்னா நான் கழுவலன்னு அர்த்தமா?" என்று கேட்டுவிட்டு, ஸ்டெல்லாவிடம் காய்ந்த துண்டு வேண்டும் என்று குரல் கொடுத்தீர்கள். அப்புறம் கற்பகாம்பாள் கோயில் பக்கம் கத்திரிக்காய் நன்றாக இருக்கிறது, எண்ணெய்க் கத்திரிக்காய் செய்யலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

அண்ணி, அன்றைக்கு நீங்கள் காலைப் பற்றித்தான் பேசினீர்களா? இதை நான் உங்களிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் "வேற எதப் பத்திப் பேசுவாங்க?" என்று சொல்லியிருப்பீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு.

அன்று நீங்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா காப்பி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போயிற்று. அத்தனை வருஷமும் எனக்குத் தெரியவில்லை என்பதை வைத்து ஒருவர் இல்லை என்று முடிவு கட்டியிருந்தேனே, என் காலுக்கு இருக்கிற வியாதி எனக்கே இருந்தால்? மரத்துப்போனது நான் என்றால்? சின்ன வயசிலிருந்து மனப்பாடம் செய்த ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. உங்களுடைய வாக்கியத்தைத்தான் கடன் வாங்கினேன். ஏசப்பா, வா, பாப்போம் என்றேன். உடம்பு சிலிர்க்கவில்லை, வெளிச்சம் வரவில்லை, வழக்கம்போல் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு முதல்முறையாக அது எனக்குப் பயமாக இல்லை. வயசான மனுஷன் தேம்பித் தேம்பி அழுதேன்.

கால் பிழைத்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் புண் மூடிவிட்டது. இனி நன்றிப் பூசை ஒன்று கொடுக்கலாமா என்று ஸ்டெல்லா கேட்டாள். நீங்களோ என் மடியில் நீல பேசினை வைத்து, "ஞாயித்துக்கெழம வா, தண்ணி தூக்க ஆள் இல்ல" என்றீர்கள்.

இப்படித்தான் நான் குப்பத்துக்கு வந்தேன், தைத்துப் போட்ட விசேஷச் செருப்போடு, வாளியைத் தூக்கிக்கொண்டு. முதல் நாளே கன்னியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். மீன் விற்கிறவள், வெற்றிலை வாய், ஊருக்கே கேட்கிற குரல். அவள் வீட்டு வாசலில் அம்மன் படமும் மாதா படமும் ஒரே ஆணியில் தொங்கும்.

"இன்னா சார், உன் காலு இன்னா ஆச்சு?"

"சக்கரதாம்மா. ஒரு விரல் போயிடுச்சு."

"ஒண்ணுதானா? எனக்கு ரெண்டு பூட்ச்சு. குந்து சார், குந்து. நீ நம்ம ஆளு."

எத்தனை சபை, சங்கம், பேரவையில் நான் உறுப்பினராக இருந்திருக்கிறேன். இவ்வளவு சுலபமாக யாரும் என்னைச் சேர்த்துக்கொண்டதில்லை. அன்று நான் தண்ணீர் தூக்க மட்டும்தான் வந்திருந்தேன். நீங்கள் துணியை என் கையில் கொடுத்துக் கன்னியம்மாவின் காலைக் காட்டினீர்கள். நான் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். தப்பாகப் பார்த்துவிடுவேனோ என்று மறுபடியும் ஒருமுறை விட்டுப் பார்த்தேன்.

அந்த இரண்டு வருஷ ஞாயிறுகளைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. நீங்கள் அங்கே யாருக்கும் பிரசங்கம் செய்யவில்லை. யாரையும் மதம் மாற்றவில்லை, துண்டுப்பிரசுரம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டைப் பிரிக்கும் முன்பும் அதே மூன்று வார்த்தை, அதுவும் பாதி உங்களுக்குள்ளேயே. சொல்லிச் சொல்லி அது அவர்களுக்கும் தொற்றிவிட்டது. ஒருநாள் உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கன்னியம்மா காலை நீட்டிக்கொண்டு, "இன்னா சிஸ்டரு, இன்னிக்கி அவர கூப்டலயா? அவரு வராம நீ கை வெக்காத" என்றாள். நீங்கள் இருமிக்கொண்டே சிரித்தீர்கள்.

போன வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானத் தூக்கத்திலேயே நீங்கள் போய்விட்டீர்கள். மாரடைப்பு என்றார் டாக்டர். ஒருவருக்கும் ஒரு நாளைய தொந்தரவும் கொடுக்காமல் போனது உங்கள் குணம்தான், ஆனாலும் உங்களைக் கவனித்துக்கொள்ள எங்களுக்கு ஒரு நாளாவது கொடுத்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நம் வழக்கப்படி எல்லாம் செய்தார்கள். உங்கள் கல்யாணத்து வெள்ளைப் பட்டைக் கட்டி, கையில் வெள்ளை உறை மாட்டி, ஜெபமாலை சுற்றி, காலில் வெள்ளை சாக்ஸ் போட்டுப் பெட்டியில் வைத்தார்கள். பங்கு மக்கள் நிறையப் பேர் வந்தார்கள். நல்ல சாவு என்றார்கள். கோயிலுக்கு எடுக்கிற நேரம் நெருங்கியபோது குப்பத்துப் பெண்கள் வந்தார்கள், கன்னியம்மா முன்னால், கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு. அவள் கையில் ஒரு சொம்பு.

நேராக உங்கள் கால்மாட்டுக்கு வந்து நின்றாள்.

"சாக்ஸ கயட்டு சார்" என்றாள் என்னிடம். "எங்க காலயெல்லாம் பாத்த கையி. அது காலு எப்டி கீதுன்னு நாங்க ஒருத்தரும் பாத்ததில்ல. ஒருவாட்டி பாத்துட்டு அனுப்பறோம்."

பெட்டிக்காரர் நேரமாகிறது என்றார். ரிச்சர்ட் அங்கேதான் நின்றான், அவன்தான் அவரைக் கையமர்த்தினான். நான் குனிந்து கழற்றினேன்.

அண்ணி, உங்கள் குதிகால் இரண்டும் வெடித்துக் கிடந்தன. கறுத்து, பாளம் பாளமாக, ஓரத்தில் குப்பத்து மணலும் உப்பும் ஏறி. ஊர் காலையெல்லாம் எண்ணெய் போட்டு மிருதுவாக்கினவரின் கால் அது. எத்தனையோ நாள் காலையில் நீங்கள் என் முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பாதத்தைப் புடவைக்குள் மடக்கிக்கொண்டு. நான் ஒருமுறையும் பார்க்கவில்லையே. நீங்கள் ஏன் ஒருமுறையும் காட்டவில்லை? உங்கள் காலை யார் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

கன்னியம்மா சொம்பைத் தூக்கிப் பிடித்தாள். நான் உள்ளே போய் நீல பேசினை எடுத்துவந்து காலடியில் பிடித்தேன். அவள் தண்ணீரை ஊற்றுவதற்கு முன்னால் என்ன செய்தாள் தெரியுமா? முழங்கையில் கொஞ்சம் விட்டுச் சூடு பார்த்தாள். வெந்நீர் கொண்டுவந்திருந்தாள் உங்களுக்கு. "ஏசப்பா, வா பாப்போம்" என்று அவள் ஊற்ற, மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து துடைத்தார்கள். பங்கு மக்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டெல்லாவின் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

வாழ்நாளெல்லாம் கால் கழுவுகிற சடங்கில் முதல் வரிசையில் இருந்தவன் நான். அது என்னவென்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உங்களை வெறுங்காலோடுதான் அனுப்பினோம். சாக்ஸைத் திரும்பப் போட எனக்கு மனசு வரவில்லை. யாரும் போடச் சொல்லவும் இல்லை.

இப்போது ஞாயிறு காலையில் நான் குப்பத்தில் இருக்கிறேன். உங்களிடம் வேலை பழகிய நர்ஸ் பெண் கட்டுப் போடுகிறாள், கழுவுவதும் துடைப்பதும் பார்ப்பதும் என் வேலை. சேவியர் மாஸ்டர் அல்லேலூயாவுக்குப் போய்விட்டார் என்று நம் பங்கில் பேசிக்கொள்வதாக ஜெனி சொல்லிச் சிரிக்கிறாள். பேசட்டும். எனக்கு இன்றைக்கும் கண்ணை மூடினால் உள்ளே ஒன்றும் தெரிவதில்லை அண்ணி. திறந்து வைத்துக்கொண்டே கூப்பிடப் பழகிவிட்டேன். கை வேலையாக இருக்கும்போது அவர் வராமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ரிச்சர்ட் போன் செய்த விஷயத்துக்கு வருகிறேன்.

"அங்கிள், பெரிய வியாழனுக்குப் பன்னெண்டு பேர்ல ஒரு ஆள் கொறையுது. நீங்க வருவீங்களா?" என்றான். பிறகு அவனே, "அன்னிக்கு ரெஜினா ஆன்ட்டி வீட்ல பாத்ததுலேர்ந்து உங்ககிட்ட கேக்கணும்னே இருந்தேன் அங்கிள்" என்றான்.

"வரேன்பா. ஆனா கன்னியம்மாவுக்கு இந்த வாரம் தெனமும் கட்டு மாத்தணும். அத முடிச்சிட்டுக் குப்பத்துலேர்ந்து நேரா வருவேன்."

"சரி அங்கிள். கால் இப்ப..."

"ஒரு விரல் கொறையும். மீதியெல்லாம் அழுக்கா இருக்கும். பரவாயில்லையா?"

அவன் சிரித்தானா அழுதானா என்று போனில் தெரியவில்லை. "வாங்க அங்கிள்" என்றான்.

ஆகவே வியாழன் மாலை நான் கோயிலுக்குப் போகிறேன், உங்கள் அடக்கப் பூசையை விட்டால் மூன்று வருஷம் கழித்து. இதை உங்களுக்குக் கொடுக்கும் வாக்காக வைத்துக்கொள்ளுங்கள். கல் எடுக்கமாட்டேன், பீர்க்கங்காய் நார் தொடமாட்டேன், எண்ணெய் பூசமாட்டேன். மணலும் மீன் வாடையும் அப்படியே இருக்க, யூதாஸ் போன இடத்துத் தழும்போடு அந்தக் காலை நீட்டுவேன். தண்ணீர் படுவது எனக்குத் தெரியாது. அதனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பேன்.

நீங்கள் கழுவிக் காப்பாற்றிய காலோடு,
உங்கள் கொழுந்தன்
சேவியர்